அரை மணித்தியாலம் பிந்தி வந்த படம்

போன வருஷம் ஆவணி மாதம், தெல்லிப்பழையில் இருந்து உள்ளே தள்ளி, தோட்டக் காணிகளுக்கு நடுவே நிற்கும் ஒரு பெரிய வீட்டில் இது நடந்தது. வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு வெளிநாட்டில். வீட்டுத் திறப்பு அவர்களுடைய சொந்தக்கார அன்ரி ஒருவரின் கையில்.

அங்கே மூன்று நாள் ஒரு கண்காட்சி. சுவரில் படம் மாட்டி வைக்கும் கண்காட்சி இல்லை. ஒவ்வோர் அறையிலும் வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டி, அதில் காணொளி ஓடும். பார்க்க வருகிறவர்கள் கதிரையில் இருக்காமல் அறை அறையாக நடந்து பார்க்க வேண்டும். அதைச் செய்தவர், சின்ன வயதில் இங்கிருந்து போய் ஐரோப்பாவில் வளர்ந்த ஓர் அக்கா. அகதியாகவும் கூலியாகவும் வந்தவர்களை அந்த நாடுகள் பக்கத்தில் வைத்துக்கொண்டே எப்படித் தள்ளி வைக்கின்றன என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட விஷயம்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் நுண்கலை முடித்துவிட்டு, வேலை விண்ணப்பங்களை நிரப்பிக்கொண்டு வீட்டில் இருந்தேன். அக்காவுக்கு உதவிக்கு ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்ட அன்றே ஸ்கூட்டியில் போய் நின்றேன். புரொஜெக்டர் ஏற்றுவது, வயர் இழுப்பது, கமெரா பூட்டுவது எல்லாம் ஒரே வாரத்தில் பிடிபட்டுவிட்டது. வாய்தான் ஓயவில்லை. “நீ கதைக்கிறதையும் போடுறதெண்டால் எனக்கு இன்னொரு அறை வேணும்” என்று அக்கா பகிடி பண்ணுவார்.

மொத்தம் ஐந்து அறைகள். முதலாவதில், விடியற்காலைக் குளிரில் ஓர் அலுவலகத்துக்கு வெளியே நிற்கும் வரிசை. முழுக்க முதுகுகள். இரண்டாவதில் ஓர் உணவகத்தின் பின்பக்கச் சமையலறை. நான்காவதில் ஒரு பஸ். அதில் ஒருவருக்குப் பக்கத்து இருக்கை மட்டும் கடைசித் தரிப்பிடம் வரை வெறுமையாகவே போகும்.

என்னை உலுக்கியது மூன்றாவது அறை. அதில் முகம் இல்லை. இரண்டு கைகள் ஒரு கோப்பையைக் கழுவிக்கொண்டே இருக்கும். முதியோர் இல்லம் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிற எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண்ணின் குரல் கேட்கும். அங்கே வேலை செய்கிற எல்லாருடைய கோப்பைகளும் சுவரில் வரிசையாகத் தொங்குமாம். இவளுடைய கோப்பைக்கு மட்டும் சிவப்பு ரேப் ஒட்டி, சவர்க்காரத் தூள் வைக்கும், இழுத்துத் திறக்கிற லாச்சிக்குள் வைப்பார்களாம். “ஒருத்தரும் எனக்கு ஒரு கூடாத சொல் சொன்னதில்லை” என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்த இடம் வரும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கண் கலங்கும். அந்த வெள்ளைக்காரருக்கு மனச்சாட்சியே இல்லையா என்று வீட்டில் அம்மாவைப் பிடித்து வைத்துக் கத்தியிருக்கிறேன்.

ஐந்தாவது அறை முழுக்க என் பொறுப்பு. வீட்டின் முன்வாசலில் ஒரு கமெரா. அது எடுக்கிற படம் உடனே காட்டப்படாது. சரியாக அரை மணித்தியாலம் பிந்தி ஐந்தாவது அறைத் திரையில் ஓடும், சத்தம் இல்லாமல். மற்ற அறைகளைச் சுற்றி முடித்து வருகிறவர்கள், தாங்கள் வாசலில் நுழைந்ததைத் தாங்களே பார்ப்பார்கள். எல்லையில் வந்து நிற்கிறவனை யாரோ ஒருவர் எப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், அந்தக் கூச்சத்தை ஒரு நிமிஷமாவது எங்கள் ஆட்கள் உணரவேண்டும் என்றார் அக்கா. நான் சும்மா இருப்பேனா? பின்கதவிலும் ஒரு கமெரா பூட்டுவோம், திரையின் ஒரு பாதியில் முன்வாசல், மறுபாதியில் வெறும் பின்கதவு, ஆளே இல்லாமல் ஓடட்டும், அழகாக இருக்கும் என்றேன். அக்காவுக்குப் பிடித்துவிட்டது. ஆக, அந்த இரண்டாவது கமெரா என் யோசனை. பூட்டியதும் என் கைதான்.

திரைத் துணிக்கு அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது எல்லாரும் ஒரே ஆளைத்தான் சொன்னார்கள். ஒழுங்கை முடியும் இடத்தில் சலவைக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணை. ஐம்பது வயது தாண்டியிருக்கும். கலியாண வீடு, செத்த வீடு இரண்டுக்கும் பந்தலில் வெள்ளை கட்டுவது தலைமுறை தலைமுறையாக அவருடைய குடும்பத்தின் வேலை. அந்த வேலையை வைத்தே ஊர் அவர்களைத் தள்ளி வைத்திருந்தது. அது எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். சாதியைப் பற்றிக் கட்டுரைகூட எழுதியிருக்கிறேன்.

முதல் நாள் துணிகளோடு வந்தவர் அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“கலியாண வீடோ செத்த வீடோ, தங்கச்சி? அதைச் சொன்னாத்தான் எப்பிடிக் கட்டுறதெண்டு பாக்கலாம்.”

“ரெண்டும் இல்லை அண்ணை. படம் காட்டப் போறம்.”

“படமோ? அப்ப கஞ்சி கூடப் போடோணும். சுருக்கம் விழுந்தால் நடிகைக்கெல்லோ கிழவி முகம் வந்திடும்.”

துணியை ஈரத்தோடு இழுத்துக் கட்டினார். காய்ந்ததும் மேளம் மாதிரி விறைத்து நின்றது. நாங்கள் இரண்டு நாளாக ஊசி குத்தி, கம்பி கட்டி, முடியாமல் விட்ட வேலை அது. வரும்போதும் போகும்போதும் அவர் பின்கதவால்தான் புழங்கினார். சைக்கிளை அந்தப் பக்கம் விட்டிருக்கிறார், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது அறைத் துணியைக் கட்டும்போது என்ன படம் என்று கேட்டார். சொன்னேன். கை நின்றுவிட்டது. அவருடைய மகள் பிரான்சில், போய் இரண்டு வருஷம். எப்போது தொலைபேசி எடுத்தாலும் “நல்லா இருக்கிறன் அப்பா” என்று மட்டும்தான் சொல்வாளாம். வேலையைக் கேட்டால் கதையை மாற்றிவிடுவாளாம்.

“நானும் வந்து பாக்கலாமோ? அங்கை உண்மையிலை என்னெண்டு இருக்கினமெண்டு ஒருக்காப் பாக்கோணும்.”

“என்ன அண்ணை இப்பிடிக் கேக்கிறியள்! தொடக்க நாள் நாலு மணிக்கு வாங்கோ. முன்வாசலாலை வாங்கோ. நீங்கள்தான் முதல் ஆள்.”

சொல்லும்போது எனக்கு என்னைப் பற்றி எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

தொடக்க நாள் வந்தது. மூன்று மணிக்குப் பார்த்தால் ஐந்தாவது அறைத் துணியின் ஒரு மூலை தளர்ந்திருந்தது. தொலைபேசியில் கூப்பிட்டேன், உடனே வந்து இழுத்துக் கட்டித் தந்தார். அதற்குள் நான் கமெராக்களை ஓடவிட்டிருந்தேன். அன்ரி தேத்தண்ணி ஊற்றி, தட்டத்தை என் கையில் தந்தார். எல்லாரும் குடித்தோம். அண்ணை உடுப்பு மாற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் எனக்கு நினைவு. ஒரு தேத்தண்ணி, அதில் நினைவு வைக்க என்ன இருக்கிறது?

நாலு மணிக்குக் கதவைத் திறந்தோம். அண்ணை வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலை வாரி, முன்வாசலால் வந்தார். நான் ஓடிப் போய்க் கூட்டி வந்தேன். அவர் நேரே மூன்றாவது அறைக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டார். மற்றவர்கள் நான் நினைத்ததைவிட வேகமாக அறைகளைத் தாண்டி, பத்து நிமிஷத்திலேயே ஐந்தாவது அறையில் கூடிவிட்டார்கள். இருபது இருபத்தைந்து பேர் இருக்கும். சத்தம் கேட்டு அண்ணையும் வந்து வாசற்படியில் நின்றார்.

நான் திரைக்குப் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லத் தொடங்கினேன். இதில் தெரிவது அரை மணித்தியாலத்துக்கு முன் இந்த வீட்டில் நடந்தது, கொஞ்சம் பொறுத்தால் உங்களையே காண்பீர்கள் என்று. என் முகம் கூட்டத்தின் பக்கம். அவர்கள் முகத்தில் ஆச்சரியம் வரும், அதைப் பார்க்கவேண்டும் என்று காத்திருந்தேன்.

வந்தது ஆச்சரியம் இல்லை. முகங்கள் ஒவ்வொன்றாக இறுகின. ஒரு பெண் வாயில் கை வைத்தாள். நான் திரும்பினேன்.

திரையின் வலது பாதி. பின்கதவு. நான் தட்டத்தோடு வருகிறேன். தட்டத்தில் பூப்போட்ட கண்ணாடிக் கோப்பைகள். ஓரத்தில் ஒரேயொரு கடுதாசிக் கோப்பை. அக்கா ஒன்றை எடுக்கிறார், கண்ணாடி. உதவிக்கு வந்திருந்த மற்ற இரண்டு பிள்ளைகளும் எடுக்கிறார்கள், கண்ணாடி. நான் எனக்கு ஒன்று எடுத்துத் திண்ணைக் குந்தில் வைக்கிறேன், கண்ணாடி. தட்டத்தில் இன்னும் ஒரு கண்ணாடிக் கோப்பை நிறையத் தேத்தண்ணியோடு இருக்கிறது. பக்கத்தில் அந்தக் கடுதாசிக் கோப்பை. படிக்குக் கீழே அண்ணை நிற்கிறார். என் கை கண்ணாடிக் கோப்பையைத் தாண்டிப் போகிறது. ஒரு கணம்கூட நிற்கவில்லை, தடுமாறவில்லை. கடுதாசிக் கோப்பையை எடுக்கிறது. அதையும் அவருடைய கையில் கொடுக்கவில்லை. படியோர மதில் விளிம்பில் வைக்கிறது. அவர் அங்கிருந்து எடுத்துக்கொள்கிறார். அவ்வளவு நேரமும் நான் சிரித்துக்கொண்டு, ஏதோ கதைத்துக்கொண்டு நிற்கிறேன். பிறகு மிச்சமிருந்த அந்தக் கண்ணாடிக் கோப்பையை நிறைந்தபடியே உள்ளே திருப்பிக் கொண்டு போகிறேன். அண்ணை குடித்து முடித்து, கோப்பையைக் கசக்கி, எறிய இடம் பார்க்கிறார். காணவில்லை. தன் சேட்டுப் பைக்குள் வைத்துக்கொள்கிறார்.

அன்ரி எனக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. இது இவருக்கு என்று காட்டவில்லை. தட்டத்தை மட்டும்தான் தந்தார். யாருக்கு எது என்று என் கைக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அப்போது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

“ஆகா! வெளிநாட்டானை மட்டும் குறை சொல்லாமல் எங்கடை முதுகையும் காட்டிப்போட்டியள். சோக்கான நடிப்புப் பிள்ளை. நடிப்புத்தானே?”

இருபத்தைந்து பேர் என்னைப் பார்த்தார்கள். அக்கா பார்த்தார். நான் சொன்னது ஒரே ஒரு சொல்.

“ஓம் சேர்.”

திரையில் கண்டதைவிட எனக்கு இன்றைக்கும் அதிர்ச்சி அந்த ‘ஓம்’தான். கையாவது தெரியாமல் செய்தது. வாய் தெரிந்தே சொன்னது.

கூட்டத்தில் யாரோ வாசற்படியில் நின்றவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். “அட, இவரெல்லே அது! நீங்களும் நாடகக்காரரோ?”

அண்ணை என்னைப் பார்த்தார். இரண்டு மூன்று விநாடிதான் இருக்கும்.

“இல்லையுங்கோ. தங்கச்சி சொல்லித் தந்தவ. நான் நிண்டனான்.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். எனக்கு இன்னொரு தரம் கைதட்டல் கிடைத்தது.

அவரைத் தேடிப் போனபோது மூன்றாவது அறையில் நின்றார். திரையில் அந்தக் கைகள் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தன. நான் வாய் திறந்தேன். “பொறுங்கோ, முடியட்டும்” என்றார். முடிந்தது. மறுபடி முதலில் இருந்து தொடங்கியது.

“உந்தப் பிள்ளையின்ரை முகத்தை ஏன் காட்டேல்லை?”

“வேலை போயிடுமெண்டு பயம் அண்ணை.”

“குரல் என்ரை பிள்ளையின்ரை இல்லை. கை மட்டும் அவளின்ரை மாதிரி.”

மன்னிப்புக் கேட்டேன். யோசிக்காமல் செய்துவிட்டேன் என்றேன்.

“யோசிக்கேல்லைத்தான். யோசிச்சுச் செய்திருந்தால் எனக்கு ஏசவெண்டாலும் ஏலும்.”

“அப்ப ஏன் அண்ணை நடிப்பெண்டு சொன்னனீங்கள்?”

“நீங்கள் ஓம் எண்டு சொல்லிப்போட்டியள். அதுக்குப் பிறகு என்ரை ‘இல்லை’ அந்தச் சபையிலை நிக்குமோ?”

அவர் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருடைய மகள் என்னைப் போலப் படித்தவள். இங்கே ஓர் இடத்தில் கொம்பியூட்டர் படிப்பிக்கப் போனாளாம். மூன்றாம் நாள் அவளுக்கும் தனியாக ஒரு கடுதாசிக் கோப்பை வந்ததாம். யாரும் ஒரு சொல் சொல்லவில்லையாம். அன்று வீட்டுக்கு வந்தவள், நான் இந்த ஊரில் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம்.

“இருந்த காணித்துண்டை வித்து அனுப்பினனான். உந்தக் கோப்பை இல்லாத ஒரு இடத்திலை இருக்கட்டுமெண்டு.” திரையில் சிவப்பு ரேப் சுற்றிய கோப்பை தெரிந்தது. “அங்கை லாச்சிக்குள்ளையாம்” என்றார். அதற்குமேல் நிற்கவில்லை.

மாலை வீட்டுக்குப் போனதும் நேரே குசினிக்குப் போய் மேல்தட்டைத் துழாவினேன். இருந்தது. கடுதாசிக் கோப்பைப் பைக்கற், பாதி முடிந்தபடி.

“அம்மா, இது ஆருக்கு?”

“வேலைக்கு வாற ஆக்களுக்கு. ஏன், தேத்தண்ணி ஊத்தவோ?”

நான் அந்தப் பைக்கற்றைப் பல நாள் பார்த்திருக்கிறேன். பல நாள் அதிலிருந்து எடுத்தும் கொடுத்திருக்கிறேன். அம்மாவோடு சண்டை பிடிக்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

அடுத்த நாள் காலையில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நானும் கண்ணாடிக் கோப்பையிலைதானே குடிச்சனான். எனக்கும் தெரியேல்லையே” என்றார் அவர். அன்ரிக்குத்தான் கோபம். “உதென்ன பெரிய குற்றமே? கொரோனாவுக்குப் பிறகு எல்லாரும் உதிலைதான் குடிக்கினம்.” அப்படியென்றால் எங்களுக்கு மட்டும் ஏன் கண்ணாடி என்று கேட்டேன். “உனக்கு வாய் கூடிப்போச்சு. வீட்டுக்காரர் அறிஞ்சால் என்னையெல்லோ கேப்பினம்” என்று உள்ளே போய்விட்டார்.

அக்காவுக்கு அந்தத் துண்டைத் திரையில் தொடர்ந்து ஓடவிட விருப்பம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் நானும் இல்லை, அவரும் இல்லை. சலவைக் கடைக்குப் போனேன். அண்ணை ஒரு காற்சட்டையை மினுக்கிக்கொண்டிருந்தார். நான் கதைத்து முடிக்கும் வரை தலை நிமிரவில்லை.

“வைக்கிறதெண்டால் வையுங்கோ. முகமும் இருக்கட்டும். நான் ஒளிக்கிறதுக்கு ஒண்டும் செய்யேல்லை.” மினுக்கியை நிமிர்த்தி வைத்தார். “நடிப்பெண்டு மட்டும் சொல்லாதேங்கோ.”

மிச்ச இரண்டு நாளும் நான் ஐந்தாவது அறையை விட்டு நகரவில்லை. உள்ளே வந்த ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொன்னேன்: இது நடிப்பில்லை, அந்தத் தட்டத்தோடு நிற்கிறது நான்தான், முதல் நாள் நடிப்பென்று சொன்னது பொய். முதல் தடவை சொல்லும்போது குரல் உடைந்தது. இருபதாவது தடவையும் உடைந்தது. சிலர் நிலத்தைப் பார்த்தார்கள். சிலர் “எங்கடை பக்கம் உப்பிடி இல்லை” என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார்கள். ஒரு பெடியன் மட்டும் கிட்ட வந்து, “எங்கடை வீட்டிலையும் தட்டுக்கு மேலை இருக்கு அக்கா” என்றான். முதல் நாள் கை தட்டிய ஆசிரியரைத் தேடித் தொலைபேசியில் சொன்னேன். “ஓ” என்றார்.

கடைசி நாள் பின்னேரம் துணிகளை அவிழ்க்க அண்ணை வந்தார். நான் முன்கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவர் சைக்கிளைப் பழைய இடத்தில் விட்டு, பின்கதவால்தான் வந்தார். ஐந்து துணிகளையும் அவிழ்த்து, நிலத்தில் படாமல் மடித்தார். நானே தேத்தண்ணி ஊற்றினேன். எல்லாருக்கும் பூப்போட்ட கண்ணாடிக் கோப்பை. அவருடையதை இரண்டு கையாலும் நீட்டினேன்.

“வேண்டாம் தங்கச்சி. இப்பத்தான் குடிச்சனான்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். கோப்பை என் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

இப்போதும் யாருக்காவது எதையாவது நீட்டும்போது, அரை மணித்தியாலம் பிந்தி அல்ல, அந்த நிமிஷமே என் கையை நான் திரும்பிப் பார்க்கிறேன். எனக்குத் தெரியாமல் என் கை படித்து வைத்திருப்பது இன்னும் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை.